கற்புக்கு ஊசி தேவையில்லையாம்

2025-26ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்ததிலிருந்து, அதுவரை கருப்பை என்ற உறுப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிராத ஆண்கள் பலருக்கு அதன்மேல் அளவுகடந்த அக்கறை பிறந்திருக்கிறது. அவர்களில் ஆகக் கெட்டிக்காரர் ஒருவர் மாத இதழ் ஒன்றில் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். மரபு, நவகாலனியம், உயிர் அரசியல், பாட்டி வைத்தியம் என்று எல்லாச் சரக்கையும் ஒரே கடையில் விற்கத் தெரிந்தவர். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் விளம்பரம், போடாவிட்டால் வகைமாதிரி. எனக்கு வகைமாதிரியோடு பேசுவதுதான் வசதி.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்றொரு பகுதி உண்டு. எதிராளி சொல்வதை முழுதாக எடுத்துவைத்துவிட்டுப் பிறகுதான் மறுக்கத் தொடங்குவார் அருணந்தி சிவாசாரியார். கடவுளை மறுக்கும் உலகாயதனுக்கே கிடைத்த அந்த மரியாதை நம் கட்டுரையாளருக்கும் கிடைக்கட்டும். அவர் சொல்வது இதுதான்: இந்த வைரஸ் பாலுறவால் பரவுவது, ஆகவே ஒழுக்கமாக வாழும் நம் பெண்களுக்கு வராது, வராத நோய்க்கு ஊசி போட்டால் சிறுமிகளுக்குத் தவறான துணிச்சல் வரும், அப்படியே வைரஸ் வந்தாலும் பத்தில் ஒன்பது பேருக்குத் தானாகப் போய்விடும், ஊசி பன்னாட்டு நிறுவனங்களின் சூழ்ச்சி, கம்மத்தில் ஏழு சிறுமிகளைக் கொன்றது, புற்றுநோயோ ஏற்கெனவே குறைந்துவருகிறது, மிச்சத்துக்குப் பரிசோதனை போதும்.

தனித்தனியாகப் பிரிப்பதற்கு முன் இதை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நம் பெண்களுக்கு வராது என்று தொடங்கியவர், வந்தால் போய்விடும் என்று நடுவில் சொல்லி, வந்தவர்களைப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று முடிக்கிறார். மூன்றும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? நம் சிறுமிகள் நெறி பிறழாதவர்களாம். ஆனால் மேற்கையில் ஓர் ஊசி இறங்கினால் பிறழ்ந்துவிடுவார்களாம். ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று அவர் மார்தட்டும் பண்பாடு அரை மில்லி மருந்துக்கு முன்னால் நிற்காது என்பதுதான் அவர் கருத்தென்றால், அந்தப் பண்பாட்டை அவமதிப்பவர் யார், நானா அவரா?

கட்டுரை முழுக்கத் தேடியும் அந்த வைரஸ் உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்ற விளக்கம் அகப்படவில்லை. தெரியாததை எழுதாமல் விட்டது ஒருவகை நேர்மை என்று வைத்துக்கொண்டு, அந்த வேலையை நானே செய்கிறேன். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் (எச்.பி.வி.) என்பது ஒற்றை ஆசாமியல்ல. 200க்கு மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். சில வகைகள் கைகால்களில் மரு வரவைப்பவை. 6, 11 என்று எண்ணிடப்பட்ட இரண்டும் பிறப்புறுப்பு மருக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொறுப்பு. புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியவை பன்னிரண்டு, பதினான்கு வகைகள். அவற்றுள்ளும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் குற்றவாளி என்று பலரும் நம்பிய காலத்தில் அதை மறுத்து நின்ற ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசன், 1983இலும் 1984இலும் இவ்விரு வகைகளையும் புற்றுக்கட்டித் திசுவில் கண்டறிந்தார்; 2008இல் நோபல் பரிசு வந்தது. இது ரத்தத்தில் கலந்து ஊர்சுற்றும் வைரஸ் அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியே தோலின் அல்லது சளிச்சவ்வின் அடியடுக்குச் செல்லில் புகுந்து அங்கேயே குடியிருக்கும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, வெள்ளைப்படுதல்கூட இல்லாமல் போகலாம். செல் கட்டுமீறிப் பெருகாமல் காவலிருக்கும் நம் புரதங்கள் இரண்டை, அபாய வகைகளின் இ6, இ7 என்ற புரதங்கள் செயலிழக்க வைக்கின்றன. பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் உடம்பு அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிட்ட சிலரிடம், 15, 20 ஆண்டுகள் கழித்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய வயதில், புற்றாக வெளிப்படுகிறது. பாலுறவு வாழ்க்கை உள்ள ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்திக்கிறார்கள். ஆணுறை வாய்ப்பைக் குறைக்கும், அறவே தடுக்காது. அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கிறது.

கடைசி மூன்று வாக்கியங்களை வாசித்தபின் ‘ஒழுக்கமான பெண்ணுக்கு வராது’ என்ற வாதம் எங்கே நிற்கிறது? சிலப்பதிகாரத்தைக் கட்டுரைக்கு இரண்டு முறையாவது தொட்டுக்கொள்ளாமல் அவருக்கு எழுத வராது என்பதால் அங்கிருந்தே கேட்கிறேன். கண்ணகி கோவலனையன்றி வேறொருவனை அறியாதவள். கணிகையர் குலத்தில் பிறந்த மாதவியும் கோவலன் ஒருவனோடு வாழ்ந்தவள்தான். இரண்டு வீட்டுப் படியும் ஏறி இறங்கிய கால்கள் யாருடையவை? மதுரையை எரிக்க முடிந்த கற்புக்கு, கணவன் உடம்போடு வந்து சேரும் ஒரு தொற்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் இருந்ததாக இளங்கோவடிகள் எங்கும் பாடவில்லை. வாழ்நாளில் ஒரே ஒருவனோடு மட்டும் உறவு கொண்ட பெண்ணுக்கு இந்த வைரஸ் வர, அந்த ஒருவனிடம் அது இருந்தால் போதும். அவனுக்கும் அது இருப்பது தெரியாது. ஆண்களுக்கென்று வழக்கமான எச்.பி.வி. பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை.

எண்களும் ஒழுக்கவாதிக்கு உதவவில்லை. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டவர்கள் 1,27,526 பேர், இறந்தவர்கள் 79,906 பேர். உலகம் முழுக்க இறந்தவர்கள் 3,48,874 பேர். அதாவது, உலகில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் சாகும் ஐந்து பெண்களில் ஒருவருக்கும் மேல் இந்தியர். கட்டுரையாளருக்கு இங்கே இரண்டே வழிகள். இறந்த எண்பதாயிரம் பெண்களும் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று அவர்கள் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் தன் முதல் வாதத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட வேண்டும். மூன்றாவது வழியை அவர் கண்டுபிடித்திருக்கிறார்: எண்களைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டார்.

பதிலாக, இத்தாலியக் கன்னியாஸ்திரிகளை அழைத்து வருகிறார். வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1842இல், மணமான பெண்களிடம் காணப்படும் கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடம் அரிது என்று எழுதினார், உண்மை. ஆனால் மார்பகப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடம் அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னதே, அந்த வரி மட்டும் எப்படிக் காணாமல் போயிற்று? போகட்டும். ரிகோனி ஸ்டெர்ன் ஒப்பிட்டது கன்னியாஸ்திரிகளையும் மணமான பெண்களையும். ஒழுக்கமுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அல்ல. நோய் கண்ட அந்த வெரோனாப் பெண்கள் தாலிக்கு நிகரான மோதிரம் அணிந்து, தேவாலயத்தில் மணமுடித்து, குடித்தனம் நடத்தியவர்கள். கட்டுரையாளர் தன் கட்சிக்குக் கூட்டிவந்த சாட்சி எதிர்க்கட்சிக்காரர். தமிழ்ப் பெண்கள் அனைவரும் கன்னிமடம் புகுந்தால் இந்நோய் ஒழியும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. கூடவே அடுத்த தலைமுறைக் கட்டுரையாளர்களும் ஒழிவார்கள்.

‘நம் ஊரில் இருக்காது’ என்ற இந்தப் பல்லவி சென்னைக்குப் புதிதுமல்ல. 1980களில் எய்ட்ஸ் என்றால் அது மேல்நாட்டார் நோய், நம் பண்பாடு நமக்குக் கவசம் என்றுதான் படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நடந்த பரிசோதனைதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் காட்டியது. கவசத்தை நம்பிக் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் வைரஸுக்குத்தான் லாபமாக இருந்தது. அதே கவசத்தைத் தூசு தட்டி எடுத்துவந்து கட்டுரையாளர் இப்போது 14 வயதுப் பெண்ணுக்கு மாட்டிவிடப் பார்க்கிறார்.

சரி, ஊசி போட்டால் பெண் கெட்டுவிடுவாள் என்ற பெரும் கண்டுபிடிப்புக்கு வருவோம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. அவர் வீட்டில் அண்மையில் குழந்தை பிறந்திருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதன் தொடையில் ஓர் ஊசி போட்டிருப்பார்களே, அது எதற்கு? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. அந்த வைரஸும் பாலுறவால் பரவக்கூடியது. அதுவும் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை, கல்லீரலில், உண்டாக்கக் கூடியது. தொட்டில் குழந்தைக்கு அந்த ஊசி போட்டபோது ‘ஐயோ, இவனைப் பாலுறவுக்கு ஊக்குவிக்கிறார்களே’ என்று எந்தத் தாத்தாவும் மருத்துவமனை வராந்தாவில் கூப்பாடு போட்டதாகத் தெரியவில்லை. பிறகு இதற்கு மட்டும் ஏன்? இது பெண்ணுக்கு, அதுவும் பூப்பெய்தும் வயதில் போடப்படுவது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் உண்டா? அமெரிக்காவில் பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளையும் போடாதவர்களையும் மருத்துவப் பதிவேடுகள் வழியே மூன்று ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கருத்தடை ஆலோசனை, கர்ப்பம், பால்வினைத் தொற்று என எதிலும் இரு சாராருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது. தவிரவும், இந்த ஊசிக்குப் பொதுவாக 9 முதல் 14 வயது என்று வைத்திருப்பதற்குக் காரணம் எளிது. தடுப்பூசி ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை விரட்டாது. வைரஸைச் சந்திக்கும் முன்பே போட வேண்டும். அந்த வயதில் உடம்பின் எதிர்வினையும் வலுவாக இருக்கிறது. 14 வயதில் போடுவது 14 வயதில் நடக்கப்போவதற்காக அல்ல. அவரே தாம்பூலம் மாற்றி, முகூர்த்தம் பார்த்து, 25 வயதில் செய்துவைக்கப்போகும் கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான்.

‘பத்தில் ஒன்பது தானாகப் போய்விடும்’ என்பது அரை உண்மை. அரை உண்மைக்கு முழுப் பொய்யைவிட வாய் அதிகம். போகிறது, ஆம். ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் ஒரு தொற்றில் பத்தில் ஒன்று தங்கிவிட்டால் கோடிக்கணக்கான மக்களுள்ள நாட்டில் அந்த ஒன்று எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்க அவருக்குக் கணக்கு வராதா, மனம் வராதா? ‘இயற்கை எதிர்ப்பாற்றலே சிறந்தது’ என்ற அவருடைய பிடித்தமான வரி இந்த நோயில் இன்னும் மோசமாகச் சறுக்குகிறது. வைரஸ் ரத்தத்தில் கலக்காமல் மேற்பரப்பிலேயே பதுங்குவதால் இயற்கைத் தொற்றுக்குப் பிறகு பல பெண்களுக்கு எதிர்ப்பொருள் சரியாக உருவாவதே இல்லை. உருவானாலும் அளவு குறைவு. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும், உள்ளே மரபுப்பொருள் எதுவுமில்லாத வெற்றுக்கூடாகச் செய்து செலுத்தும் தடுப்பூசி, அதைவிடப் பலமடங்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இயற்கையைச் செயற்கை தோற்கடித்த சில இடங்களில் இதுவும் ஒன்று. அவருக்கு வருத்தமாக இருக்கலாம்.

கம்மத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைச் சற்று நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அவர் கட்டுரையில் உண்மையின் வாடை வீசும் ஒரே இடம் அது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது, மருந்து மெர்க், கிளாக்ஸோ நிறுவனங்கள் கொடுத்தது. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள்; ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்து இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையான சொற்களில் கண்டித்தது. கண்டித்தது சரி. கேட்பாரற்ற சிறுமிகளின் கைகள் யாருக்கும் சோதனைச் சாலை அல்ல. இதில் எனக்கும் கட்டுரையாளருக்கும் துளியும் கருத்து வேறுபாடில்லை.

ஆனால் ஒப்புதல் பெறாதது ஒரு குற்றம், கொன்றது இன்னொரு குற்றம். முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு வாங்கப் பார்ப்பதற்குத் தர்க்க நூலார் வைத்த பெயர் ஹேத்வாபாசம். ஊரில் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு என்பார்கள். முதலில், கம்மத்தில் ஏழு பேர் இறக்கவில்லை. ஆந்திரத்தில் ஐவர், குஜராத்தில் இருவர். ஏழு பேர் எப்படி இறந்தார்கள் என்று விசாரணை சொன்னதையாவது அவர் படித்தாரா? ஒரு சிறுமி குவாரி நீரில் மூழ்கினாள். ஒருத்தியைப் பாம்பு கடித்தது. இருவர் பூச்சிமருந்து குடித்தார்கள். ஒருத்தி மலேரியாவில் போனாள். எஞ்சிய இருவர் காரணம் உறுதிப்படாத காய்ச்சலாலும் மூளை ரத்தக்கசிவாகக் கருதப்பட்ட ஒன்றாலும் இறந்தார்கள். அவற்றுக்கும் ஊசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. பழங்குடிச் சிறுமிகள் குவாரிக் குட்டையிலும் பாம்புக் கடியிலும் மலேரியாவிலும் சாகிறார்கள் என்பது ஒரு நாட்டையே தலைகுனிய வைக்க வேண்டிய செய்தி. அந்தச் செய்தி நம் கட்டுரையாளர் கையில் ஊசிக்கு எதிரான துண்டுப்பிரசுரமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளை இரண்டாம் முறையாக யார் பயன்படுத்திக்கொண்டார்கள்?

இந்தக் கதைக்கு அவர் அறியாத ஒரு பின்கதை உண்டு. கம்மம் சர்ச்சையால் 2010இல் நாடெங்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. அப்போது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் பல மையங்களில், அவற்றில் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் ஒன்று, மூன்று தவணையா இரண்டு தவணையா என்று ஒப்பிடும் வேறோர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. திடீரென நிறுத்தியதால் ஏறக்குறைய ஐயாயிரம் சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது: 16, 18 வகைத் தொற்று உடம்பில் நிலைத்துவிடாமல் தடுப்பதில் ஒற்றைத் தவணையின் திறன் 95 சதவீதம், இரண்டு, மூன்று தவணைகளுக்குச் சமம். கென்யாவில் நடந்த ஆய்வும் அதையே சொல்ல, 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையும் போதும் என்று அறிவித்தது. மூன்று ஊசி விற்க வேண்டிய இடத்தில் ஒன்று விற்றால் போதும் என்று நிரூபிக்க உதவியவர்கள் இந்தியச் சிறுமிகள். பன்னாட்டு நிறுவனங்களின் சூழ்ச்சி என்கிறாரே, தன் விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே வெட்டிக்கொள்ளும் சூழ்ச்சியை எந்த வணிகப் பள்ளியில் கற்றுத்தருகிறார்கள்?

மற்ற சூழ்ச்சிக் கதைகளுக்கு அதிக இடம் வேண்டாம். 2022இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த செர்வாவாக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி புனேயில் தயாராகிறது. சிக்கிம் 2018இலேயே தன் சிறுமிகள் ஏறக்குறைய அனைவருக்கும் ஊசி போட்டுவிட்டது. அங்கே பண்பாடு இடிந்து விழுந்ததாகச் செய்தி இல்லை. மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்திக்கு ஆதாரமாக அவர் காட்டுவது ‘பலர் சொல்கிறார்கள்’ என்பதை. பலர் பல்லி விழும் பலனும் சொல்கிறார்கள். பக்கவிளைவு அறவே இல்லையா என்றால், உண்டு: ஊசி போட்ட இடத்தில் வலி, சில சிறுமிகளுக்கு மயக்கம், பத்து லட்சம் தவணைக்கு ஓரிருவருக்குக் கடும் ஒவ்வாமை. அதனால்தான் போட்டபின் கால்மணி நேரம் உட்காரவைத்து அனுப்புகிறார்கள்.

கடைசி வாதம் மற்றவற்றைவிடக் கௌரவமானது. சென்னையில் இந்நோய் ஊசி வருவதற்கு முன்பே குறைந்துவந்திருக்கிறது, ஆமாம். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடுகள் அதைக் காட்டுகின்றன. 1980களில் சென்னைப் பெண்களின் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருந்தது இதுதான். பிறகு அந்த இடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. ஆனால் ஏன் குறைந்தது? பெண்கள் படித்தார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. அவர் தன் மற்ற கட்டுரைகளில் ‘குடும்ப அமைப்பின் சிதைவு’ என்று ஒப்பாரி வைப்பாரே, அதே மாற்றங்கள். அவற்றின் பலனை இப்போது தன் கணக்கில் வரவு வைக்கிறார்.

‘பரிசோதனை போதும்’ என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு; அவர் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். சென்னையில் விகிதம் சரிந்துகொண்டிருந்தபோது திண்டுக்கல் கிராமங்கள் இந்நோய் மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்றாக இருந்தன. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடத்தைப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் செய்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நடந்த அந்தப் பரிசோதனை, நோயை 25 சதவீதமும் மரணத்தை 35 சதவீதமும் குறைத்தது என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்ததிலேயே மரணம் ஏறக்குறையப் பாதியானது. ஆக, பரிசோதனை சிறந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பிற்காலத்தில் தேவை, ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டபின் கேட்கிறேன்: எத்தனை பெண்கள் அந்த மேசையில் ஏறிப் படுக்கிறார்கள்? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையான பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். முன்னணியில் நிற்கும் மாநிலத்திலேயே பத்தில் ஒருவர்கூட இல்லை. ஏன் வருவதில்லை? ‘அந்த இடத்து நோய்’ என்றால் நடத்தையைச் சந்தேகிப்பார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தைப் பக்கம் பக்கமாக விதைத்துவிட்டு, பரிசோதனைக்குப் போங்கள் அம்மா என்று முடிப்பது குழப்பமா, தந்திரமா? குழப்பம் என்றே எடுத்துக்கொள்கிறேன். தந்திரத்துக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும்.

எழுத்துதானே, யார் செத்துவிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஜப்பானைப் பாருங்கள். ஊசிக்குப் பிறகு வலி, நடுக்கம், நடக்க முடியாமை என்று தொலைக்காட்சிகள் காட்டிய காட்சிகளால் 2013 ஜூனில் அந்த நாட்டு அரசு தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி விகிதம் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. பாதிக்கப்பட்டோர் அமைப்பின் வேண்டுகோளின் பேரிலேயே நகோயா நகரம் சுமார் 30,000 இளம்பெண்களிடம் ஆய்வு நடத்தியது. சொல்லப்பட்ட 24 அறிகுறிகளில் எதற்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. பரிந்துரை மீண்டும் முழுதாக நடைமுறைக்கு வர 2022 ஏப்ரல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஊசி தவறிய தலைமுறையில் சுமார் 25,000 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோயும், 5,000 கூடுதல் மரணங்களும் நேரும் என்று கணித்திருக்கிறார்கள். அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று 2024 ஜனவரியில் ஆய்வு வந்தது.

கட்டுரையில் பெண் வருகிறாள், தாய் வருகிறாள், மகள் வருகிறாள், கற்பரசிகள் அணிவகுத்து வருகிறார்கள். கணவன் ஓரிடத்திலும் வரவில்லை. வைரஸை வீட்டுக்குக் கொண்டுவருவதில் சரிபாதிப் பங்குள்ளவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதே வைரஸ் ஆண்களுக்குத் தொண்டைப் புற்றுநோயை உண்டாக்குவதும், ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் ஊசி போடுவதும் அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் ‘ஊசி போட்டால் பையன் கெட்டுவிடுவான்’ என்று எழுத நேர்ந்திருக்கும். அதை எழுதினால் அவர் வாசகர்களே சிரித்திருப்பார்கள். ஒரே ஊசி பெண்ணுக்கென்றால் ஒழுக்கப் பிரச்சினை, ஆணுக்கென்றால் நகைச்சுவை. அவர் காக்க நினைப்பது பெண்ணின் உடம்பை அல்ல, ஆணின் மேல் யாரும் கேள்வி கேட்காத வசதியை.

கட்டுரையைப் படித்துவிட்டு மகளுக்கு ஊசி போடத் தயங்கி நிற்கும் பெற்றோருக்கு: பள்ளியில் படிவம் வந்தால் வாசியுங்கள், செவிலியரிடம் கேளுங்கள், கையெழுத்தை நீங்களே போடுங்கள், கம்மத்தில் மறுக்கப்பட்ட உரிமை அதுதான். முப்பதைத் தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை கேளுங்கள். உறவுக்குப் பின்போ, மாதவிலக்கு நின்ற பின்போ ரத்தம் பட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அந்த இதழின் ஆசிரியருக்கு: பண்பாட்டைப் பற்றிய கருத்துகள் உங்கள் கட்டுரையாளரின் உரிமை, அவரே வைத்துக்கொள்ளட்டும். ஏழு சிறுமிகள் ஊசியால் கொல்லப்பட்டார்கள் என்ற வரி கருத்தல்ல, பொய். அதை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.